கூடி நின்றும் கொல்லாத காவலர்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில், நகரின் சந்தடி அடங்குவதற்கு முன்னரே வரும் சிறு நிலையம் மஹய்யாவ. நகரின் பொது மயானம் அங்கேதான் உள்ளது. மாநகரின் துப்புரவுப் பணிக்கெனப் பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தொடர்வீடுகளும் அங்கேதான் உள்ளன. பொழுது புலருமுன் அவர்கள் துடைப்பமும் தள்ளுவண்டியுமாக இறங்கிவந்து வீதிகளைக் கூட்டி, அழுகியன யாவற்றையும் அகற்றிவிடுகின்றனர். பின்னர் வருவோர் தூய வீதியிலே நடந்து செல்கின்றனர். அப்பணி ஒரு நாள் நின்றுபோனாலன்றி அவர்களை நினைப்பார் அரியர்.

மனித உடலும் ஒரு மாநகரமே. அங்கும் இத்தகைய தொழிலாளர் உள்ளனர். மூக்கின் உட்புறத் தோலிலும், நுரையீரலின் நுண்ணிய பைகளிலும், கல்லீரலின் குருதிக் கால்வாய்களிலும், இரவு பகல் என்னும் பேதமின்றி அவர்கள் சுற்றித் திரிகின்றனர். மடிந்த கலங்களை விழுங்குகின்றனர். உள்ளே புகுந்த நுண்ணுயிர்களையும் விழுங்குகின்றனர். இவற்றைத் தின்குழியங்கள் என்பர். உருவிற் பெரியன பெருந்தின்குழியங்கள். குருதியிலே பெருந்தொகையாக ஓடி, காயம் பட்ட இடத்துக்கு முதலில் விரைவன நடுநிலைநாடி வெண்குழியங்கள். விழுங்காமலே, தொட்ட மாத்திரத்தில் நோயுற்ற கலத்தைக் கொன்றுவிடும் வேறொரு வகையும் உண்டு. 1975ஆம் ஆண்டளவில் சுவீடனிலும் அமெரிக்காவிலும் கண்டறியப்பட்ட இக்கலங்களுக்கு இயற்கைக் கொல்லிகள் என்பது பெயர். எதிரியை முன்பின் அறியாத நிலையிலும் இவை யாவும் தொழிற்படும்; அம்மை குத்தியோ முன்பு ஒருமுறை நோயுற்றோ இவற்றுக்குப் பயிற்சி அளிக்க வேண்டியதில்லை. ஆதலால், இக்காவலுக்குப் பிறவி நிர்ப்பீடனம் என்று பெயர் வழங்குகிறது. குறித்த ஓர் எதிரியை இனங்கண்டு, அதற்கெனவே பிறபொருளெதிரிகளையும் பயிற்சி பெற்ற நிணநீர்க்குழியங்களையும் ஆக்கிக்கொள்வது மற்றையது. அதனை ஈட்டிய நிர்ப்பீடனம் என்பர்.

பிறவிக் காவலரை முதன்முதலில் உலகுக்குக் காட்டியவர் ருசியரான எலி மெச்னிக்கோவ். 1882இல் அவர் சிசிலித் தீவிலுள்ள மெசீனா நகரில், கடற்கரையோரத்து இல்லமொன்றிலே தங்கியிருந்தார். நட்சத்திர மீனின் குடம்பி கண்ணாடி போன்று ஊடுருவித் தெரியும் உடலுடையது. அவர் ரோசாச் செடியின் முள்ளொன்றை அதன் உடலிலே குத்திவைத்தார். மறுநாட் காலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, அம்முள்ளைச் சுற்றி நடமாடுங் கலங்கள் திரண்டு நின்றன. குருதிக் குழாய் இல்லாத அச்சிற்றுயிரில் அவை தாமாகவே வந்து சூழ்ந்தன. அந்தக் காட்சியினின்றே தின்குழியக் கொள்கை பிறந்தது. ஜெர்மானிய அறிஞர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். உடலைக் காப்பது குருதி நீரிலே கரைந்துள்ள பொருள்களேயன்றிக் கலங்களல்ல என்பது அவர் வாதம். வழக்கு இருபத்தைந்து ஆண்டு நீடித்தது. ஈற்றில், 1908இல் நோபல் பரிசு மெச்னிக்கோவுக்கும், எதிர்க்கட்சியைச் சார்ந்த போல் ஏர்லிக்குக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. நடுவர்களின் சாதுரியம் என்று இதனைக் கருதலாம். ஆயினும் இரு சாராரும் கூறியது உண்மையே என்பது பின்னர் விளங்கிற்று.

காவலர் வந்து சூழ்கின்றனர் என்றால், எதிரி மடிய வேண்டுமன்றோ? முள்ளைச் சூழ்ந்த கலங்கள் முள்ளைத் தின்றுவிடவில்லை என்பதை மெச்னிக்கோவே கண்டார். அவர் கண்ட அந்தக் காட்சி, மனித உடலில், முள்ளன்றி உயிருள்ள ஒன்றைச் சுற்றி நிகழுமானால் அதன் விளைவு யாது? இந்த வினாவை எடுத்துக்கொண்டு நெடுங்காலம் உழைத்த ஆராய்ச்சிக் கூடமொன்று மஹய்யாவவினின்றும் சில மைல் தொலைவிலேயே, பேராதனையில் உள்ளது. 1962இல் தொடங்கப்பெற்ற மருத்துவ பீடத்தின் நுண்ணுயிரியல் துறையே அது. அங்கே பேராசிரியராகப் பணியாற்றிய சரத் ஆர்சகுலரத்ன இவ்வினாவோடு பிணைத்துப் பேசப்படுபவர்.

அவர் எடுத்துக்கொண்ட நோய் பெரும்புகழ் வாய்ந்த நோயன்று. மலேரியாவைப் போலவோ சயரோகத்தைப் போலவோ அது ஊர்களை வெறுமையாக்குவதில்லை. மூக்கினுள்ளே செந்நிறச் சதை வளர்ச்சியொன்று தோன்றும். மேற்பரப்பிலே வெண்மையான சிறு புள்ளிகள் பரந்திருக்கும். பார்ப்பதற்குச் செம்புற்றுப் பழம் போன்றது என மருத்துவ நூல்கள் உவமை கூறும். தொட்டால் இரத்தம் கசியும்; வளர்ந்தால் மூச்சு அடைபடும். நோயாளருள் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பேருக்கு மூக்கிலும், அடுத்தபடியாகச் சிலருக்குக் கண்ணிமையின் உட்புறத்திலும் அது வரும். அரிதாகத் தோலிலும், உள்ளுறுப்புகளிலும் பரவுதல் உண்டு. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. சத்திரசிகிச்சையால் வெட்டி அகற்றினாலும் மீண்டும் முளைப்பது இதன் கொடுமை. ஒருமுறை, இருமுறை, பலமுறை என்று வைத்தியசாலை வாயிலில் வந்து நிற்கும் நோயாளர் உளர். நாசியிலே வளரும் சதையோடு நாலு பேர் முன்னிலையில் நடமாடுவதன் நாணம் எத்தகையதென்பதை எந்த மருத்துவ அறிக்கையும் அளந்து கூறுவதில்லை.

இந்நோய்க்கு ரைனோஸ்போரிடியோசிஸ் என்று பெயர். உலகெங்கும் ஆங்காங்கே காணப்படினும், நோயாளரில் மிகப் பெரும்பகுதியினர் இந்தியாவிலும் இலங்கையிலுமே உள்ளனர். தமிழகத்திலே மதுரை, இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளிலும், இலங்கையிலே குளங்களை நம்பி வாழும் வறண்ட வலயத்திலும் இது மிகுதி. காரணம் வெளிப்படை. ஊருணியிலும் கண்மாயிலும் குளத்திலும் மாடும் மனிதரும் ஒருங்கே இறங்கி நீராடும் இடங்களில், நீரின் வழியே ஏதோ ஒன்று மூக்கினுள் நுழைகிறது. ஆற்று மணலை மூழ்கி அள்ளுவோரிடமும் இது காணப்பட்டதுண்டு. குழாய்நீர் வந்த ஊரில் இந்நோய் குறைவு. ஆகவே, இது பெரும்பாலும் குளத்தைத் தவிர வேறு நீர் இல்லாதாரின் நோய். மருந்துக் கம்பனிகள் இதன்பால் ஆர்வங் காட்டாமைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1900இல் தென்னமெரிக்காவின் புவனசயர்சு நகரில் கில்லெர்மோ சீபர் என்னும் மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில் இந்நோயை விவரித்தார். மூன்றாண்டுகளின் பின் கல்கத்தாவிலே ஓகினீலி என்னும் வைத்தியர் தாம் கண்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 1914இல் டி. எஸ். திருமூர்த்தி இதனைப் பற்றி விரிவானதொரு கட்டுரை வரைந்தார். எடின்பரோவில் ஆஷ்வொர்த் 1923இல் இந்நுண்ணுயிரின் வாழ்க்கை வட்டத்தை நுணுகி ஆய்ந்து, இது ஒரு கீழ்நிலைப் பங்கசு எனக் கருத்துரைத்தார். சென்னையில் ஆர். வி. ராஜமும் அவருடன் உழைத்தோரும், உடலெங்கும் பரவி உயிரைக் குடித்த ஒரு நோயாளியின் வரலாற்றை 1955இல் வெளியிட்டனர். இலங்கையின் நோயியற் பேராசிரியர் கருணாரத்ன எழுதிய நூல் 1964இல் இலண்டனிலே அச்சாயிற்று. ஆக, பேராதனையார் கைவைப்பதற்கு முன்னரே நோயின் வடிவம் நன்கு தெரிந்திருந்தது. தெரியாதிருந்தவை இரண்டு: அந்நுண்ணுயிர் எக்குலத்தது என்பதும், உடலின் காவல் ஏன் அதனை வெல்வதில்லை என்பதும்.

ஆர்சகுலரத்ன இந்நோயில் நேரே வந்து இறங்கியவரல்லர். அவருடைய ஆராய்ச்சி வாழ்வின் முற்பகுதி நஞ்சுகளைப் பற்றியது. இங்கிலாந்தில் 1960இல் வான்கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அவற்றுக்கு ஊட்டிய நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணமே காரணமெனத் தெரிந்தது. அப்பூஞ்சணம் சுரக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடொக்சின் என்று பெயரிட்டனர். மேனாட்டார் நிலக்கடலையை ஆராய்ந்துகொண்டிருக்க, பேராதனையிலோ தேங்காயை எடுத்து ஆராய்ந்தனர். அந்நஞ்சைச் சோதனைக்காக விளைவிப்பதற்குத் தேங்காய் நல்லதோர் ஊடகம் என்பதை 1969இல் ஆர்சகுலரத்னவும் குழுவினரும் வெளியிட்டனர். தேங்காயின்றி ஒரு வேளை உணவும் சமையாத நாட்டில் இது வெறும் ஆய்வுகூடச் செய்தியாகாது. பின்னர் 1981இல், நாட்டு மூலிகைகள் சிலவற்றில் ஈரலைப் பழுதாக்கும் காரப்பொருள்கள் உள்ளனவென்று அவரும் உடனாய்வாளரும் எலிகளைக் கொண்டு காட்டினர். அருகிலிருப்பதை எடுத்து ஆராய்தல் என்பது அவருக்கு இயல்பாகவே அமைந்திருந்தது போலும். இவற்றுக்கிடையே, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடியேறிய சிங்களவரின் வரலாற்றை எழுதி 1991இல் நூலாக வெளியிட்டார் என்பதும் இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. நுணுக்குக்காட்டியை விட்டு எழுந்தால் பழைய ஆவணங்களிடம் செல்லும் மனிதர் அவர்.

மூக்கு நோயை ஆராயப் புகுந்தபோது முதல் தடை வாயிலிலேயே நின்றது. பற்றீரியாவையும் பங்கசையும் ஆராய்வோர் அவற்றைத் தட்டுகளில் விதைத்து, வேண்டியமட்டும் வளர்த்துக்கொள்வர். இந்நுண்ணுயிரோ எந்த ஊடகத்திலும் வளர்வதில்லை. விலங்குகளின் உடலிற் செலுத்தி நோயை உண்டாக்குவதற்கு உலகெங்கும் செய்யப்பட்ட முயற்சிகளும் பயனளிக்கவில்லை. ஆகவே, சத்திரவைத்தியர் நோயாளியிடமிருந்து வெட்டியெடுத்த சதைத்துண்டு ஒன்றே கிடைக்கும் மூலப்பொருள். அதிலோ மனிதக் கலங்களும் குருதியும் நுண்ணுயிரும் கலந்து கிடக்கும். அரிசியிலே கலந்த குறுமணலைப் பிரிப்பதுபோல் அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். அடர்த்தி படிப்படியாக மிகும் ஒரு திரவத்தூணில் கலவையை இட்டு விரைவாகச் சுழற்றினால், ஒவ்வொரு பொருளும் தன் அடர்த்திக்கேற்ற படியில் நின்றுவிடும். இம்முறையால் இந்நுண்ணுயிரின் வித்திகளைத் தூய்மையாகப் பிரிக்கும் வழியை அவர்கள் 1999இல் வெளியிட்டனர். பிரித்தெடுத்த வித்தி உயிருள்ளதா, மடிந்ததா என்பதை அறிவதற்கு மஞ்சள்நிறச் சாயமொன்றைப் பயன்படுத்தினர். உயிருள்ள கலம் அச்சாயத்தை ஊதாநிறமாக மாற்றும், மடிந்தது மாற்றாது. வளர்க்க முடியாத உயிரின் உயிர்ப்பைச் சோதிக்க இதனினும் எளிய வழி கிடைப்பது அரிது.

இனி, காவலரிடம் வருவோம். சதைத்துண்டை மெல்லியதாகச் சீவி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், கலங்கள் பல காணப்படும். எது எவ்வகையினது என்று தோற்றத்தை மட்டுங் கொண்டு துணிய இயலாது. ஒவ்வொரு வகைக் கலமும் தன் மேற்பரப்பிலே தனக்குரிய அடையாளப் புரதங்களைத் தாங்கி நிற்கிறது. அவ்வடையாளத்தையே நாடிச் சென்று ஒட்டும் தூய பிறபொருளெதிரிகளை ஆக்கும் வித்தையை 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்தனர். அப்பிறபொருளெதிரியோடு நிறமொன்றை இணைத்துவிட்டால், சீருடையைக் கொண்டு படையணியை அறிவதுபோல் கலங்களை இனம் பிரித்து எண்ணலாம். பேராதனைக் குழுவினர் ஏழு நோயாளரின் திசுக்களை இவ்வாறு ஆராய்ந்து, 2001இல் முடிவுகளை வெளியிட்டனர்.

ஏழு பேரிடத்தும் காட்சி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. காவலர் வராமலில்லை, திரளாகவே வந்திருந்தனர். பிறபொருளெதிரிகளைச் சுரக்கும் கலங்கள் மிகப் பலவாக இருந்தன. அவற்றினும் குறைந்த தொகையிற் பெருந்தின்குழியங்கள் இருந்தன. இயற்கைக் கொல்லிகளும் இருந்தன. கலங்களைக் கொல்லவல்ல பயிற்சி பெற்ற நிணநீர்க்குழியங்களும் நிறைய இருந்தன. ஆனால் ஓரினம் மட்டும் அருகியே காணப்பட்டது. உதவி நிணநீர்க்குழியங்கள் என்பது அதன் பெயர். பெயர் பணிவானதாயினும் தொழில் பெரியது. அவை சுரக்கும் இரசாயனச் சைகைகளைப் பெற்ற பின்னரே பெருந்தின்குழியம் முழு வலிமையோடு தொழிற்படும். விழுங்கியதைக் கொல்லும் ஆற்றல் அதற்கு அப்பொழுதே மிகும். தொழிலாளர் கூடிவிட்டனர், வண்டியும் வந்துவிட்டது, வேலையைத் தொடங்குக என்று சொல்வாரைத்தான் காணவில்லை என்பது போன்ற நிலை அது.

அதே ஆய்வில் வேறொரு சோதனையும் செய்தனர். நோயாளரின் குருதியினின்றும் நிணநீர்க்குழியங்களைப் பிரித்தெடுத்து, கண்ணாடிக் கலத்திலே வைத்துத் தூண்டினர். வாளவரை இனத்து விதையொன்றிலிருந்து கிடைக்கும் புரதம் இக்குழியங்களைப் பெருகத் தூண்டவல்லது. அதனை இட்டபோது நோயாளரின் குழியங்கள் நன்றாகவே பெருகின. ஆகவே அவை பொதுவாக வலுவிழந்தவையல்ல. ஆனால், நோய்க்குக் காரணமான நுண்ணுயிரின் சாற்றை இட்டபோது, சில நோயாளரின் குழியங்கள், யாதொன்றும் இடாத போது பெருகியதினும் குறைவாகவே பெருகின. தூண்ட வேண்டிய பொருள் தூண்டாதது மட்டுமன்று, அடக்கியும் வைத்தது. இவ்வடக்கத்தின் அளவுக்கும், நோய் எத்தனை காலமாக உள்ளது, எத்தனை இடங்களில் உள்ளது என்பவற்றுக்கும் தொடர்பு காணப்படவில்லை. இம்முடிவு ஆராய்ச்சியாளருக்கு வசதியானதன்று. நோய் முற்ற முற்றக் காவல் தளர்கிறது என்று எழுதியிருந்தால் கதை நேராக அமைந்திருக்கும். அவர்கள் கண்டதையே எழுதினர்.

எதிரியின் உருவத்தையும் இவ்விடத்தில் நோக்குதல் வேண்டும். உடலினுள் நுழையும் அகவித்தி மிகச் சிறியது. குருதியின் செங்குழியத்தை ஒத்தோ, சற்றுப் பெரிதாகவோ இருக்கும். அது திசுவினுள் தங்கி வளரத் தொடங்குகிறது, சுவர் தடிக்கிறது, கரு மீண்டும் மீண்டும் பிரிகிறது. முதிர்ந்த நிலையில் அது ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு அகலமுடைய வித்திக்கலனாகி, ஆயிரக்கணக்கான அகவித்திகளைத் தன்னுள் அடக்கி நிற்கிறது. சதையின்மேல் வெறுங்கண்ணுக்குத் தெரியும் வெண்புள்ளிகள் இவையே. பெருந்தின்குழியத்தின் குறுக்களவு மில்லிமீற்றரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. குறுக்களவில் எதிரி பதினைந்து மடங்குக்கும் மேற்பட்டது என்றால், பருமனில் மூவாயிரம் மடங்கைத் தாண்டிவிடும். எலியைப் பூனை விழுங்கும். யானையைப் பூனை என் செய்யும்? கலங்கள் பல ஒன்றுகூடி உருகி ஒரே அரக்கக் கலமாவதும் உண்டு. ஆயினும் அவை நெருங்குவது பெரும்பாலும் வெடித்து வெறுமையான ஓட்டையே. ஓடு வெடிக்கும் கணத்திற் சிறு வித்திகள் வெளிப்படும்போது நடுநிலைநாடிகள் விரைந்து சூழ்கின்றன. அதற்குள் வித்திகள் பல அயலிலே சிதறிப் புதிய இடத்தில் தங்கிவிடுகின்றன. விழுங்கத்தக்க சிறு பருவத்தில் அகப்படாதது, பெருத்த பின் அகப்பட்டும் பயனில்லை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, இந்நுண்ணுயிர் காவலை ஏய்க்கும் உபாயங்கள் எவையாயிருக்கலாம் என்பதை ஆர்சகுலரத்ன வகுத்துரைத்தார். தடித்த சுவருக்குள் தன் அடையாளப் பொருள்களை ஒளித்துவைத்தல் ஓர் உபாயம். அடையாளத்தையே காலத்துக்குக் காலம் மாற்றிக்கொள்ளுதல் மற்றொன்று. காவலை அடக்குதலும், பயனற்ற திசையில் அதனைத் திருப்பிவிடுதலும் உள. நோயாளியின் சொந்தப் பிறபொருளெதிரிகளையே எடுத்துத் தன்மேற் போர்த்துக்கொள்ளுதலும் உண்டு. நோயாளரின் குருதியிலே இந்நுண்ணுயிருக்கெதிரான பிறபொருளெதிரிகள் இருப்பதை அக்குழுவே காட்டியிருந்தது. அவை இருந்தும் நோய் தணிவதில்லை. அம்புகள் அம்பறாத்தூணி நிறைய உள்ளன. இலக்குத்தான் சுவருக்கு அப்பால் இருக்கிறது.

இனி, அது எக்குலத்தது என்ற வினா. நெடுங்காலம் இதனைப் பங்கசு என்றே பாடநூல்கள் கூறிவந்தன. 1990களில் புதுதில்லியில் ஓர் ஆய்வாளர், இது பங்கசன்று, குளத்து நீரைப் பச்சையாக்கும் நீலப்பச்சை நுண்ணுயிரே என்று வாதாடினார். குளத்தில் நோய் வருவதால் அவ்வாதம் பலருக்கு இனித்தது. வளர்க்க இயலாத உயிரைப் பற்றி எவரும் எதுவும் சொல்லலாம் என்ற நிலையிருந்தது. 1999இல் அந்நிலை மாறிற்று. நோய்த்திசுவினின்றும் பரம்பரைப் பொருளைப் பிரித்து, உயிரினங்கள் யாவற்றுக்கும் பொதுவான ஒரு பகுதியின் எழுத்துவரிசையைப் படித்துப் பிறவற்றோடு ஒப்பிட்டனர். மிச்சிகனில் லியொனல் மென்டோசாவின் கூடத்தோடு சேர்ந்து செய்யப்பட்ட அவ்வாய்வின் கட்டுரையாசிரியருள் ஆர்சகுலரத்னவும் ஒருவர். விடை எவரும் எதிர்பாராதது. இவ்வுயிர் பங்கசுமன்று, நீலப்பச்சை நுண்ணுயிருமன்று. மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. விலங்குகளும் பங்கசுகளும் கிளைபிரிந்த கவடு எங்குள்ளதோ, அதனருகே கிளைத்த மிகப் பழைய குலம் அது. மறு ஆண்டிலே அமெரிக்காவில் வேறொரு குழுவினரும் தனியே ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்தனர். குளம், மீன், மூக்கு என்னும் மூன்றும் ஒரு கோட்டிலே வந்து நின்றன. புளோரிடாவில் வளர்ப்பு அன்னங்களிடையே இந்நோய் பரவியதும், சேர்பியாவில் ஓர் ஏரியில் நீராடியவரிடையே 1990களின் தொடக்கத்தில் இது தோன்றியதும் இதற்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தன; அவற்றின் பொருளும் இப்பொழுது தெளிவாயிற்று.

இக்குலமுறை காவலரின் கதைக்கும் ஒளி தருவது. பங்கசைக் கொல்லும் மருந்துகள் இந்நோயில் ஏன் தோற்றன என்பது விளங்கிற்று. அவை தாக்கும் இலக்கு வேறு. மற்றொன்றுமுண்டு. பிறவிக் காவலர் எதிரியை அறிவது, பற்றீரியாவும் பங்கசும் பொதுவாகத் தாங்கி நிற்கும் சில பொருள்களைத் தொட்டறிவதனாலேயே. ஈயில் இத்தகைய தொட்டறி வாயில்களைக் காட்டிய ஹொஃப்மனுக்கும், பாலூட்டிகளிற் காட்டிய பொய்ட்லருக்கும் 2011இல் நோபல் பரிசிற் பங்கு கிடைத்தது. அவ்விரு கூட்டத்தையும் சாராததும், விலங்குகளுக்கு உறவுமுறையில் அணித்தானதுமான ஓர் உயிரைத் தொட்டறிதல் அவ்வாயில்களுக்கு எவ்வளவு கடினம் என்பது ஆராய்வதற்குரிய வினாவாக நிற்கிறது.

நோயாளிக்கு இவற்றாற் பயன் யாதென்று கேட்பது நியாயமே. சத்திரசிகிச்சையே இன்றும் முதன்மையானது. சதையை அடியோடு அகற்றி, வேரிருந்த இடத்தைச் சுட்டுவிடுகின்றனர். குட்டநோய்க்குக் கொடுக்கப்படும் டப்சோன் மாத்திரை வித்திக்கலன்கள் முதிர்வதைத் தடுத்து, அவ்விடத்தில் நார்த்திசு உண்டாக உதவுகிறது என்பதை 1979ஆம் ஆண்டு முதல் இந்திய மருத்துவர் எழுதியுள்ளனர். முதிரவிடாது தடுத்தல் என்பதன் பொருள், எதிரியைக் காவலரின் கைக்கு எட்டும் பருமனிலேயே நிறுத்துதலாகும். பேராதனையாரின் ஊதாச் சாயச் சோதனை இங்கும் கைகொடுத்தது. வெட்டும்போது இரத்தத்தோடு சிதறும் வித்திகளே நோய் மீளுவதற்கு ஒரு காரணம். அவற்றைச் செயலிழக்கச் செய்யும் கிருமிநாசினிகள் எவை என்பதை வித்திகளின் மீது நேரே சோதித்து, 2006இல் வெளியிட்டனர். அயடீன் கலந்த கிருமிநாசினி போன்று, எந்த வைத்தியசாலையின் அலுமாரியிலும் உள்ள பொருள்களே அவற்றுட் பல. புதிய மருந்தொன்றைக் கண்டுபிடிக்கக் கோடிக்கணக்கான பணம் வேண்டும். உள்ள மருந்தைச் சரியான இடத்திற் பயன்படுத்துவதற்கு ஒரு சாயமும் பொறுமையும் போதுமாயிருந்தன.

இலங்கையில் இந்நோயின் பாங்கினைப் பிறநாட்டுத் தரவுகளோடு ஒப்பிட்டு, ஆர்சகுலரத்னவும் உடனாய்வாளர் இருவரும் 2010இல் மற்றுமொரு கட்டுரை வெளியிட்டனர். தேங்காயைப் பற்றிய கட்டுரை வெளிவந்து அப்போது நாற்பத்தோர் ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒரே குளத்தில் நூறு பேர் நீராட, ஒரு சிலருக்கு மட்டும் நோய் வருவது ஏன் என்ற வினா எஞ்சி நிற்கிறது. மற்றையோரின் மூக்கினுள் நுழைந்த வித்திகளை, அவை செங்குழியத்தின் அளவினவாய் இருக்கும்போதே, அங்கு சுற்றித் திரியும் தின்குழியங்கள் ஓசையின்றி விழுங்கிவிடுகின்றன என்று கருதுவதற்கு இடமுண்டு. ஆனால் அந்தக் காட்சியை நுணுக்குக்காட்டியின் கீழ் காண்பதற்கு, நோயுறாதவரின் நாசித் திசு வேண்டும். நோயுறாதவர் எவரும் அதற்காக வைத்தியசாலைக்கு வருவதில்லை.